நடையா, குதிரையா? கேதார்நாத் மலைப்பாதை குறித்து வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேதார்நாத் பயணம் பற்றி வந்துள்ள கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஐயத்தைச் சுற்றியே அமைந்திருக்கின்றன: மலைநடை தொடங்கும் ஊரான கௌரிகுண்டத்திலிருந்து கோயில்வரை நடந்து ஏறுவதா, குதிரையில் ஏறுவதா? ஆகவே இந்த இதழின் கேள்வி பதில் பகுதியை முழுவதும் அந்தப் பாதைக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எனக்கு வயது ஐம்பத்திரண்டு. வெள்ளியங்கிரி மலைக்கு ஆண்டுதோறும் ஏறி வருகிறேன். இதுவரை மூச்சுத்திணறலோ முழங்கால் வலியோ வந்ததில்லை. கேதார்நாத் பாதை அதைவிடக் கடினமானதா? ஒரே நாளில் நடந்து ஏறிவிட முடியுமா?
— கோயம்புத்தூர் வாசகர்

பதில்: செங்குத்தை மட்டும் பார்த்தால் வெள்ளியங்கிரிதான் கடினமான மலை. பூண்டி அடிவாரத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் அளவில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறீர்கள். கேதார்நாத் பாதையின் நீளம் ஏறக்குறைய 16 கிலோமீட்டர். கௌரிகுண்டம் 1,980 மீட்டர் உயரத்தை ஒட்டியும் கோயில் 3,583 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன என்பதால், ஏறவேண்டிய உயரம் 1,600 மீட்டர். சராசரியாக நூறு மீட்டர் நடைக்குப் பத்து மீட்டர் ஏற்றம். வெள்ளியங்கிரி ஏறிப் பழகிய கால்களுக்கு இந்தச் சாய்வு புதியதன்று.

ஆனால் வெள்ளியங்கிரியின் உச்சியே சுமார் 1,800 மீட்டர்தான். அந்த மலை முடிகிற உயரத்துக்கும் மேலேதான் கௌரிகுண்டத்தில் நடையே தொடங்குகிறது. கேதார்நாத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. 2,500 மீட்டருக்கு மேல் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று தொடங்கும் மலை நோய், உடல் வலிமையையோ பயிற்சியையோ பார்த்து வருவதில்லை. நன்றாக நடக்கக்கூடியவர்கள்தான் வேகமாக ஏறி அதில் சிக்குகிறார்கள் என்பதை உங்களைப் போன்றவர்களுக்குக் குறிப்பாகச் சொல்லவேண்டியிருக்கிறது. 3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு, இரவில் உறங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொதுவான வழிகாட்டல். கௌரிகுண்டத்தில் உறங்கிவிட்டு மறுநாள் இரவு கேதார்நாத்தில் உறங்குபவர் ஒரே நாளில் 1,600 மீட்டர் கூட்டுகிறார்.

எனவே உங்களால் ஒரே நாளில் ஏறமுடியும்; ஆனால் அப்படி ஏறவேண்டாம் என்பதே என் பரிந்துரை. கௌரிகுண்டத்துக்குப் போகும் வழியில் உள்ள குப்தகாசியில் ஓர் இரவும், சோன்பிரயாகையிலோ கௌரிகுண்டத்திலோ ஓர் இரவும் தங்குங்கள். இடம் கிடைத்தால், பாதையின் மேற்பகுதியில் உள்ள லிஞ்சோலியில் கூடாரத் தங்கலில் மூன்றாம் இரவைக் கழித்துவிட்டு, மறுநாள் காலை கோயிலுக்குச் செல்லுங்கள். தலைவலி வந்தால் அதே உயரத்தில் நின்றுவிடுவதும், நிலைமை மோசமானாலோ நடை தள்ளாடினாலோ இருமலோடு மூச்சு வாங்கினாலோ இரவென்றும் பாராமல் உதவி கேட்டுக் கீழே இறங்குவதும் கட்டாயம். மலை நோயைத் தடுக்க எடுக்கப்படும் அசிடசோலமைடு மாத்திரையைப் பலர் கைமருந்து போல விழுங்குகிறார்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகலாம் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடாதீர்கள்.

பாதையைப் பற்றியும் சிறிது சொல்கிறேன். ஜங்கிள் சட்டி, பீம்பலி வரையில் மந்தாகினி ஆற்றை ஒட்டி, மரநிழலில், கல் பாவிய வழியில் நடக்கலாம். 2013ஆம் ஆண்டுக்கு முன் முழுப் பாதையும் 14 கிலோமீட்டராக இருந்தது. அந்த ஆண்டு ஜூன் 16, 17 நாள்களில் வந்த பெருவெள்ளத்தில், நடுவழித் தங்கலாக இருந்த ராம்பாரா என்ற ஊரே இல்லாமற்போனது. அதற்கு மேலிருந்த பாதையும் அழிந்தது. நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தினர் ஆற்றைக் கடந்து எதிர்ச்சரிவில் புதிய வழியை வெட்டினார்கள். அந்தப் புதிய வழியில், ராம்பாராவிலிருந்து லிஞ்சோலி வரையிலான வளைவுகள்தான் பயணத்தின் கடுமையான பகுதி. அதற்கு மேல் மரங்கள் குறைந்து, வெயிலும் காற்றும் நேரடியாக உடலில் படும். காலை நடை தொடங்கும்போதே உங்கள் வலிமையில் பாதியை இந்த இடத்துக்கென்று ஒதுக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் தாயாருக்கு அறுபத்தேழு வயது, முழங்கால் வலியும் இரத்த அழுத்தமும் உண்டு. குதிரையில் ஏற்றி அழைத்துச் சென்றால் அவருக்குச் சிரமம் இருக்காது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். நம்பலாமா?
— மதுரை வாசகி

பதில்: குதிரை முழங்காலைக் காப்பாற்றும், உயரத்திலிருந்து காப்பாற்றாது. நடப்பவர் ஏழு எட்டு மணி நேரத்தில் அடையும் உயரத்தைக் குதிரையில் செல்பவர் நான்கைந்து மணி நேரத்தில் அடைந்துவிடுவதால், உடல் பழகுவதற்கான அவகாசம் அவருக்கு இன்னும் குறைவு. நடக்கவில்லையே, களைப்பு வராதே என்று எண்ணிக்கொண்டு சென்றவர்கள் மேலே போய்ச் சோர்ந்து படுப்பதற்கு இதுவே காரணம்.

சவாரியும் ஓய்வன்று. நான்கு மணி நேரம் சேணத்தில் இருப்பவரின் முதுகும் தொடைகளும் ஒவ்வொரு படிக்கும் குலுங்கும்; இடுப்பு வலி உள்ளவர்களுக்கு அது நடையைவிடக் கடுமையாக இருக்கும். அதோடு, குதிரை கோயில் வாசல்வரை போவதில்லை. கடைசித் தொலைவை உங்கள் தாயார் நடந்தே கடக்கவேண்டும், அதுவும் பாதையின் மிக உயர்ந்த பகுதியில். ஆகவே முதலில் இதய மருத்துவரிடம் அழைத்துச் சென்று, எந்த உயரத்துக்குப் போகிறீர்கள் என்பதை எண்ணாகச் சொல்லி, ஒப்புதல் பெறுங்கள். ஒப்புதல் கிடைத்தால், நால்வர் தோளில் சுமக்கும் டோலி அவருக்குக் குதிரையைவிடப் பொருத்தமானது. முதுகுக் கூடையில் ஒருவர் சுமந்து செல்லும் கண்டி, உடல் எடை குறைந்தவர்களுக்கு ஏற்றது. டோலிக்குக் கட்டணம் கூடுதல்தான். இருந்தாலும் இறங்கும் வழியில் குதிரையின் முதுகில் முன்னோக்கிச் சரிந்தபடியே வருவது முதியவர்களுக்கு எவ்வளவு அச்சம் தரும் என்பதை நினைத்தால், அந்தச் செலவைத் தவிர்க்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரத்த அழுத்த மாத்திரைகளை மூட்டையில் வைக்காமல் தாயாரின் கைப்பையிலேயே வைத்துவிடுங்கள். குதிரையோ டோலியோ உங்களை முந்திச் சென்றுவிடும். இருவரும் மணிக்கணக்கில் பிரிந்திருக்க நேரும். பெயர், தங்குமிடம், கைப்பேசி எண் ஆகியவற்றை இந்தியிலும் எழுதிய ஒரு தாள் அவரிடம் இருக்கட்டும்.

கேள்வி: கொடைக்கானல் ஏரிக்கரையில் சவாரி செய்ததைத் தவிர எனக்குக் குதிரை அனுபவம் எதுவும் இல்லை. செங்குத்தான பாதையில் எப்படி அமர்வது? பள்ளத்தின் விளிம்பை ஒட்டியே குதிரை நடக்கும் என்கிறார்களே?
— சென்னை வாசகர்

பதில்: விளிம்பை ஒட்டி நடப்பது உண்மைதான். பொதி சுமந்து பழகிய விலங்குக்கு, மலைச்சுவர்ப் பக்கமாக நடந்தால் இருபுறமும் புடைத்திருக்கும் சுமை பாறையில் இடிக்கும் என்று தெரியும். அதனால் வெளிப்பக்கமாக நடக்கப் பழகிக்கொள்கிறது. நீங்கள் அஞ்சிக் கடிவாளத்தை இழுத்தால் அதன் தலை திரும்பி, காலடி தவறும். வழியை விலங்கிடமும் குதிரைக்காரரிடமும் விட்டுவிட்டு, உங்கள் உடலைச் சமநிலையில் வைத்திருப்பதை மட்டும் கவனியுங்கள்.

ஏற்றத்தில் இடுப்பிலிருந்து முன்னால் சாயுங்கள். இறக்கத்தில் பின்னால் சாய்ந்து, பாதங்களைச் சற்று முன்னால் நீட்டி, குதிகாலைத் தாழ்த்துங்கள். இரண்டிலும் உங்கள் உடல் மரத்தைப்போல நிமிர்ந்தே நிற்கவேண்டும், சாய்வது பாதைதான். அங்கவடியில், அதாவது சேணத்திலிருந்து தொங்கும் கால் வளையத்தில், பாதத்தின் முன்பகுதியை மட்டும் வையுங்கள். முழுப் பாதத்தையும் நுழைத்தால், தவறி விழும்போது கால் சிக்கிக்கொண்டு இழுபட நேரும். சேணத்தின் முன்புறக் கைப்பிடியை இரு கைகளாலும் பிடித்திருக்கவேண்டும் என்பதால் கைப்பேசியில் படம் எடுப்பதை நிறுத்தங்களுக்கு ஒத்திவையுங்கள். ஏறுவதும் இறங்குவதும் எப்போதும் மலைச்சுவர்ப் பக்கமாகவே இருக்கட்டும்.

மழைக்கோட்டை ஏறுவதற்கு முன்பே அணிந்துகொள்ளுங்கள். சவாரியின் நடுவில் பிளாஸ்டிக் உறையைப் படபடவென்று விரிப்பதும் குடையைத் திறப்பதும் குதிரையை மிரளச் செய்யும். புறப்படும்முன் சேணத்தின் வயிற்றுவார் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சில கிலோமீட்டர் போனபின் அது தளர்வது வழக்கம், ஆகவே முதல் நிறுத்தத்தில் மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள். நடப்பவருக்கு நடையே சூடு தரும். அசையாமல் அமர்ந்திருப்பவருக்குக் குளிர் எலும்புவரை இறங்கும். எனவே சவாரி செய்பவருக்குத்தான் கம்பளி உடையும் கையுறையும் கூடுதலாக வேண்டும். மணிக்கு ஒருமுறையாவது இறங்கிச் சிறிது நடங்கள். மரத்துப்போன கால்களோடு திடீரென்று தரையில் குதிக்காமல், சேணத்தைப் பிடித்து ஒரு நிமிடம் நின்ற பிறகு நடக்கத் தொடங்குங்கள்.

கேள்வி: கேதார்நாத் பாதையில் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் படும் துன்பத்தைக் காணொளிகளில் பார்த்து மனம் கலங்கியது. குதிரையில் செல்வதே பாவம் என்று என் மகள் சொல்கிறாள். உங்கள் கருத்து என்ன?
— தஞ்சாவூர் வாசகர்

பதில்: உங்கள் மகளின் கலக்கத்தில் நியாயம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டு யாத்திரை தொடங்கிய முதல் வாரங்களிலேயே ஏராளமான குதிரைகளும் கோவேறு கழுதைகளும் இறந்து, அது நாடு முழுவதும் செய்தியானது. 2025ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் கோயில் திறந்த சில நாள்களுக்குள்ளேயே விலங்குகள் இறக்கத் தொடங்கியதாலும், ஈக்வைன் இன்ஃபுளுயன்சா எனப்படும் குதிரைக் காய்ச்சல் பற்றிய அச்சத்தாலும், அவற்றின் போக்குவரத்தே தற்காலிகமாக நிறுத்தப்பட்டது.

இறப்புக்கான காரணங்களுள் முதன்மையானது ஓய்வின்மை. இழுவை விலங்குகளையும் பொதி விலங்குகளையும் வதையிலிருந்து காக்க 1965ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட மத்திய அரசின் விதிகள், ஒரு விலங்கை நாளொன்றுக்கு மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேலும், இடைவிடாமல் ஐந்து மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக்கூடாது என்கின்றன. ஏறுவதற்கு நான்கைந்து மணி நேரம், இறங்குவதற்கு மூன்று நான்கு மணி நேரம் என்று கணக்கிட்டால், ஒருமுறை மேலே போய்த் திரும்புவதிலேயே அந்த ஒன்பது மணி நேரம் ஏறக்குறைய தீர்ந்துவிடுகிறது. ஆகவே ஒரே விலங்கை ஒரே நாளில் இரண்டாம் முறை ஏற்றுபவர், அந்த விதியின் எல்லையைத் தாண்டாமல் இருக்க முடியாது. கூட்டம் மிகுந்த மே, ஜூன் மாதங்களில் இதுதான் நடக்கிறது. பனி உருகி வரும் நீர் மிகக் குளிர்ந்திருப்பதால் விலங்குகள் போதுமான அளவு குடிப்பதில்லை. நீரின்றி உலர்ந்த தீவனம் குடலில் அடைத்துக்கொண்டு, வயிற்று வலியால் துடித்து இறப்பவையும் உண்டு.

அதே விதிகள் மட்டக்குதிரைக்கு 70 கிலோவையும் கோவேறு கழுதைக்கு 200 கிலோவையும் பொதியின் உச்ச எடையாகக் குறிக்கின்றன. நல்ல உடற்கட்டுள்ள ஒருவரும் சேணமும் சேர்ந்தாலே மட்டக்குதிரையின் எல்லை கடந்துவிடும் என்பதை எண்ணிப்பாருங்கள். ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறக்கும் கோவேறு கழுதைதான் இந்தப் பாதைக்கு உண்மையில் ஏற்றது; காலடி உறுதியானது, சுமை தாங்குவது. பெயரில் கழுதை இருக்கிறது என்று அதை மறுத்துக் குதிரையையே கேட்டு வாங்குபவர்கள் தமக்கும் விலங்குக்கும் ஒருங்கே தீங்கு செய்கிறார்கள்.

ஆனால் குதிரையில் செல்வதே பாவம் என்ற முடிவுக்கு நான் வரமாட்டேன். மேலே கிடைக்கும் அரிசி, மாவு, எரிவாயு உருளை என எல்லாவற்றையும் பெரும்பாலும் இந்த விலங்குகளே சுமந்து செல்கின்றன; நடந்து ஏறி அங்கே உணவருந்துபவரும் அவற்றின் உழைப்பைத்தான் உண்கிறார். குதிரைக்காரரும் பதினாறு கிலோமீட்டரை விலங்கின் பக்கத்திலேயே நடந்து ஏறுகிறார். பலர் விலங்கின் உரிமையாளர்கள்கூட அல்லர், கூலிக்கு வந்தவர்கள். கோயில் திறந்திருக்கும் ஆறு மாத வருவாயே பல குடும்பங்களின் ஆண்டு வருவாய். நடக்க முடிந்தவர்கள் நடந்தால் நெரிசல் குறையும். நெரிசல் குறைந்தால் இரண்டாம் நடைக்கு விலங்கை விரட்டும் தேவையும் குறையும். நான் கேட்டுக்கொள்வது இதைத்தான்.

முடியாதவர்கள் சவாரியை எடுக்கும்போது சில கடமைகள் இருக்கின்றன. தெருவில் அழைப்பவரோடு பேரம் பேசாமல், அரசு முன்பதிவு மையத்தில் குறித்த கட்டணம் செலுத்திச் சீட்டுப் பெறுங்கள். பதிவு பெற்ற விலங்கும் ஆளும் யார் என்பது அதில் இருக்கும். சேணத்தின் ஓரத்தைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். முதுகில் புண் இருந்தாலும், நடையில் நொண்டல் இருந்தாலும், மூக்கிலிருந்து சளி ஒழுகினாலும் வேறு விலங்கைக் கேளுங்கள். இன்று ஏற்கெனவே ஒருமுறை மேலே போய் வந்ததா என்று நேராகக் கேளுங்கள். சீக்கிரம் போகச் சொல்லாதீர்கள். நின்று நீர் காட்டும் நேரத்தைப் பொறுமையோடு கொடுங்கள். திரும்பும்போது உங்களால் நடக்க முடியுமானால் நடந்தே இறங்குங்கள். நிற்கும்போதே குதிரையின் எடையில் பாதிக்கு மேல் முன்னங்கால்களில்தான் இருக்கிறது. இறக்கத்தில் சவாரி செய்பவரின் எடையும் அந்தக் கால்களிலேயே வந்து விழுகிறது. கண்ணெதிரே கொடுமையைப் பார்த்தால், சீட்டில் உள்ள பதிவு எண்ணோடு அங்கேயே பணியில் இருக்கும் காவலரிடமோ கால்நடை மருத்துவக் குழுவிடமோ தெரிவியுங்கள். காணொளி எடுத்து ஊருக்கு வந்து பரப்புவதைவிட அது அந்த விலங்குக்கு உடனே பயன்படும்.

கேள்வி: நாங்கள் நடந்துதான் போகப்போகிறோம். ஆனால் எதிரே வரும் கோவேறு கழுதைகள் இடித்துத் தள்ளிவிடும் என்று பயமாக இருக்கிறது. எப்படி ஒதுங்குவது?
— திருச்சி வாசகி

பதில்: மணியோசையோ குளம்போசையோ கேட்டவுடன் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கி, முதுகைச் சுவரோடு சேர்த்து அசையாமல் நில்லுங்கள். பள்ளத்தின் பக்கம் ஒருபோதும் நிற்கவேண்டாம். விலங்குக்குத் தன் உடலின் அகலம் தெரியுமே தவிர, தன்மேல் கட்டியிருக்கும் எரிவாயு உருளையின் அகலம் சரியாகத் தெரியாது. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கிலும் இதே முறைதான்: விளிம்பிலிருந்து விலகி மேட்டுப் பக்கம் நின்று, பேசாமல், கடைசி விலங்கு பதினைந்து மீட்டர் கடந்து போகும்வரை பாதைக்குத் திரும்பாமல் இருக்கவேண்டும் என்று அங்குள்ள பூங்கா நிர்வாகம் நடப்பவர்களுக்கு அறிவுறுத்துகிறது. விலங்கின் பின்புறம் நெருங்கி நடக்கவேண்டாம்; ஊன்றுகோலை அதை நோக்கி நீட்டவும் வேண்டாம். சாணமும் மழைநீரும் கலந்த கற்கள் மிகவும் வழுக்கும் என்பதால், அடியில் ஆழமான பள்ளங்கள் கொண்ட காலணி வேண்டும். அதைப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வாங்கிப் பழக்கிவிடுங்கள். விடியற்காலையில் புறப்பட்டால் நெரிசலின் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

கேள்வி: நடந்து சென்று தரிசித்தால்தான் முழுப் பயன் என்கிறார்களே?
— மயிலாடுதுறை வாசகர்

பதில்: திருஞானசம்பந்தரும் சுந்தரரும் திருக்கேதாரத்தைப் பாடியிருக்கிறார்கள், இருவரும் காளத்தியில் இருந்தபடியே அந்த வடநாட்டுத் தலத்தைப் பாடினார்கள் என்கிறது பெரியபுராணம். திருநாவுக்கரசரோ கயிலைக்கு நடந்து, பாதம் தேய்ந்தபின் கையூன்றித் தவழ்ந்து, அதுவும் முடியாமல் போன நிலையில் திரும்புமாறு பணிக்கப்பட்டு, திருவையாற்றில் கயிலைக் காட்சியைக் கண்டார் என்றும் அதே நூல் சொல்கிறது. மூவரில் யாருக்குப் பயன் குறைந்தது என்று நம் மரபு கணக்குப் பார்த்ததில்லை. உடல் இடங்கொடாத முதியவரை இப்படிச் சொல்லி நடக்க வைப்பது, அவர் உயிரோடு விளையாடுவதாகும்.

கேள்வி: எங்களுக்கு ஆகஸ்டு மாதத்தில்தான் விடுமுறை. அப்போது போகலாமா?
— சேலம் வாசகர்

பதில்: வேண்டாம். 2023 ஆகஸ்டு தொடக்கத்தில் கௌரிகுண்டத்தருகே மண்சரிந்து கடைகள் புதையுண்டன. 2024 ஜூலை 31ஆம் நாள் இரவு பெய்த பெருமழையில் லிஞ்சோலி, பீம்பலி பகுதிகளில் பாதை உடைந்து ஆயிரக்கணக்கானோர் சிக்கிக்கொண்டார்கள். மழைக்காலத்தில் நடையும் குதிரையும் ஒன்றுபோலவே ஆபத்தானவை. செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரையிலான நாள்களுக்கு விடுப்பை மாற்ற முயலுங்கள். வானம் தெளிவாகவும் கூட்டம் குறைவாகவும் இருக்கும். கோயில் தீபாவளியை ஒட்டி மூடப்படும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: மலர்ப் பள்ளத்தாக்குக்கும் ஹேம்குண்ட் சாகிப்புக்கும் குதிரை உண்டா?
— புதுச்சேரி வாசகி

பதில்: கோவிந்த்காட் பக்கமிருந்து, இரண்டு இடங்களுக்கும் அடிவார ஊரான காங்கரியா வரையிலும், அங்கிருந்து ஹேம்குண்ட் வரையிலும் உண்டு. காங்கரியாவிலிருந்து ஹேம்குண்ட் ஆறு கிலோமீட்டர்தான் என்றாலும், அதற்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறி 4,300 மீட்டர் உயரத்தை அடைகிறீர்கள், கேதார்நாத்தைவிடச் செங்குத்து. மேலே இரவு தங்க இடமில்லை என்பதால் பிற்பகலுக்குள் இறங்கிவிடவேண்டும். மலர்ப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவுக்குள் குதிரைக்கு அனுமதி இல்லை, நடந்தே செல்லவேண்டும்.

கேள்வி: எட்டு வயது மகனைக் கேதார்நாத் பாதையில் என்னோடு ஒரே குதிரையில் அமர்த்திக்கொள்ளலாமா?
— ஈரோடு வாசகர்

பதில்: கூடாது. ஒரு சேணத்தில் இருவர் அமர்ந்தால் இருவருக்குமே சமநிலை இராது. விலங்குக்கும் சுமை மிகும். தனிக் குதிரையில் அமர்த்துவதற்கு எட்டு வயதுக் குழந்தையின் கால்கள் அங்கவடியை எட்டுவதும் கடினம். நடக்கும் தொலைவுவரை உங்களோடு நடக்கட்டும்; களைத்துவிட்டால் கண்டியில் ஏற்றி, அதைச் சுமப்பவரின் கூடவே நீங்களும் நடங்கள். குழந்தைகள் தலைவலியைச் சொல்லத் தெரியாமல் சாப்பாட்டை மறுப்பதும் காரணமின்றி அழுவதும் மலை நோயின் அறிகுறியாக இருக்கலாம். அப்படி நேர்ந்தால் மேலே செல்லாமல் அங்கிருந்தே திரும்பிவிடுங்கள்.